இல்லை என்பதன் ஆயுள்

பஸ் பலகையில் பூந்தமல்லி. அரசு ஏடுகளில் பூவிருந்தவல்லி. ஊர் ஒன்று, பெயர் இரண்டு, யாரும் வழி தவறுவதில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் ஏற்பாட்டிலும் மாற்றுப்பெயருக்கு இடமுண்டு. பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் ஏடு அது.

அம்பத்தூரில் எங்கள் கிளையில் ஒரு நாள் காலை, ஸர்வர் இல்லை என்றது திரை. பென்ஷன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். சரிபார்க்க வந்த பையன் எண்ணைக் கொண்டு கூப்பிட்டுப் பார்த்தான்; உடனே பதில் வந்தது. ஸர்வர் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஏட்டில் அதன் பதிவுதான் அழிந்திருந்தது. பதிவைத் திரும்ப எழுதிய பின்னும் எங்கள் கம்ப்யூட்டர்கள் இல்லை என்றே சாதித்தன. முன்பு கிடைத்த 'இல்லை'யை அவை ஞாபகம் வைத்திருந்தன. அதைத் துடைத்த பிறகே வழி திறந்தது.

துடைக்காவிட்டாலும் அந்த 'இல்லை'க்கு ஒரு கெடு உண்டு; கெடுவைக் கணக்கிடும் முறையை 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2308 திட்டப்படுத்தியது. நம் விமர்சனத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஒருவர் பட்டியலில் விடுபட்ட கவிஞனை அடுத்தவர் தேடுவதில்லை. அதே பட்டியலைத்தான் கேட்கிறார். தொகுப்போ ஏதோ அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பட்டியலை ஒதுக்கிவிட்டு அதைக் கையிலெடுப்பவர் நம்மில் எத்தனை பேர்?