அலர் அகராதியும் ஆய்வாளரின் கோப்புறையும்

வி. கிருஷ்ணா பல பதிற்றாண்டுகள் தனியொருவராய் உழைத்துத் தொகுத்த கன்னட–ஆங்கில அகராதி 2019இல் ‘அலர்’ என்னும் பெயரில் இணையத்தில் வெளியானது. ஒன்றரை இலட்சம் கன்னடச் சொற்கள் அதில் உள்ளன. அதனை இணையத்துக்குக் கொணர்ந்தவர் பெங்களூரின் மென்பொருளாளர் கைலாஷ் நாத். (அலர் என்றால் தமிழிலும் மலர்தான். சங்க அகப்பாடல்களில் ஊரார் தூற்றும் பேச்சுக்கும் அதுவே பெயர் என்பது நமக்கு மட்டும் கிட்டிய கூடுதல் இன்பம்.) அதன் தேடுதளத்தைப் பலரும் அறிவர். அத்தளத்தினும் பெரிய செயல் வேறொன்று. அகராதியின் தரவு முழுவதும் எளிய உரைக்கோப்பாக, திறந்த உரிமத்தின்கீழ், எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளது. தளம் ஒருநாள் நின்றுபோனாலும் அகராதி நிற்கும்.

அதே நகரின் ஆய்வு மாணவர்களுடைய எழுத்துக்கு இந்தக் காப்பு பெரும்பாலும் இல்லை. களப்பணிக் குறிப்புகளும் கட்டுரைகளும் ஒன்று நிறுவனக் கணக்கில் இருக்கும், அல்லது ஏதோ ஓர் இலவசச் சேவையில் இருக்கும். ஆய்வுக்காலம் முடிந்தால் முன்னது மூடப்படும். பின்னதன் கதி என்னவாகும் என்பதற்கு ஜியோசிட்டீஸ் ஒன்றே போதும். யாகூ அதனை 2009இல் மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் ஒருசேர மறைந்தன. சொந்தமாகத் தளம் வைத்திருப்போரும் நிம்மதியாக இல்லை. கட்டுரை ஒரு தரவுத்தள அட்டவணையின் வரிசைகளுக்குள் கிடக்கிறது. அதைக் காட்டும் மென்பொருளும் அதன் செருகுநிரல்களும் ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். பத்துக் கட்டுரை கொண்ட ஓர் ஆய்வாளருக்கு இவ்வளவு பெரிய பொறி எதற்கு?

மார்க்டவுன் இதற்குத் தக்க எளிய வழி. ஆரன் ஸ்வார்ட்ஸின் துணையோடு 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட எழுத்துமுறை அது. தலைப்புக்கு முன் ஒரு # குறி, அழுத்தத்துக்கு உடுக்குறி, பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி என்பவற்றோடு ஏறத்தாழ முடிந்தது. உருமாற்றாமலே கண்ணால் படிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பு. கோப்பின் தலையில் தலைப்பு, நாள், குறிச்சொற்கள். அந்தத் தலைப்பகுதி பொதுவாக எழுதப்படும் யாமல் வடிவத்திலேயே அலரின் தரவும் உள்ளது. இக்கோப்புறையைப் படித்து, ஜெக்கிலோ ஹியூகோவோ முழுத் தளத்தையும் ஆக்கித் தரும். கட்டளைவரிக்கு அஞ்சுவோர்க்குத் தரவுத்தளம் இன்றி இயங்கும் கிராவ் இருக்கிறது. அதில் உலாவியிலேயே எழுதலாம். மூன்றில் எது நின்றுபோனாலும் கோப்புகள் அப்படியே இருக்கும்.

தமிழருக்கு இது புதிய பாடமன்று. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முதலில் அன்றைய எழுத்துருக்களிலும், பின்னர்த் தகுதரத்திலும், அதன்பின் ஒருங்குறியிலும் வந்தன. எழுத்துக் குறியாக்கம் மாறியபோதெல்லாம் உரை கையில் இருந்தது. ஆகவே மாற்றிக்கொள்ள முடிந்தது.

ஆயினும் ஒருங்குறியோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடலில் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. குறிச்சொல் பட்டியலில் ஒரே சொல் இருமுறை நிற்கும். வெவ்வேறு விசைப்பலகைகளில் பத்தாண்டுகளாக எழுதியவர்கள் கோப்புகளைத் தளத்தில் இடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு சிறு நிரல் போதும். பின்னர்ச் செய்வது தலைவலி.

கோப்பின் பெயரையும் தமிழில் வைக்க ஆசை எழும். ‘பெங்களூரு’ என்னும் சொல்லில் 9 குறியீட்டெண்கள் உள்ளன. இணைய முகவரியாக நகலெடுத்து மடலில் ஒட்டும்போது அது 81 குறிகளாக நீளக்கூடும். மொழிப்பற்று முகவரியில் வேண்டாம், கட்டுரையில் இருக்கட்டும்.

‘1956.’ என்று வரி தொடங்கினால் மார்க்டவுன் அதனைப் பட்டியல் எண்ணாகக் கொள்ளும். மாநிலச் சீரமைப்பைப் பற்றி எழுதியவர், சில நிரல்களில் ஆண்டு 1 ஆகிவிட்டதைக் கண்டு திகைப்பார். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு இட்டால் சரியாகும்.

செய்யுளைப் பதிப்பிப்போர்க்கு இதனினும் பெரிய இடர் உண்டு. மார்க்டவுன் அடுத்தடுத்த வரிகளை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும், அகவற்பா உரைநடையாகிவிடும். அடியின் இறுதியில் இரண்டு வெற்றிடம் விடுவது பழைய வழி. ஆனால் அவற்றைக் கண்ணால் காண இயலாது. சில எழுதுகருவிகள் சேமிக்கும்போதே அவற்றைத் துடைத்துவிடும். அங்கும் பின்சாய்கோடே நல்லது. பெரும்பாலான புதிய நிரல்கள் அதனை ஏற்கின்றன. ஏற்காதவற்றை ஒரே ஒரு வெண்பாவை இட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.