வானம் பார்க்காத பயிர்

ஜெர்மனியில் பொறியாளனாக இருக்கும் அக்காள் மகன், கடந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணொளி அழைப்பில் தன் துணி அலமாரியைத் திறந்து காட்டினான். சட்டைகள் தொங்க வேண்டிய இடத்தில் வெள்ளை விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே தொட்டியில் முழங்கால் உயரச் செடி. விரல் விரித்த கைபோன்ற இலைகள்.

"கஞ்சாவாடா?" என்றேன், அடுத்த அறையிலிருந்த அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

"இங்கே சட்டப்படி சரிதான் மாமா."

அது உண்மை. 2024 ஏப்ரல் 1 முதல் அந்நாட்டில் வயதுவந்த ஒருவர் தம் வீட்டில் மூன்று செடிகள்வரை சொந்தப் பயன்பாட்டுக்கு வளர்க்கலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக அலமாரிக்குப் பூட்டும் போட்டிருந்தான். வரும்போது நாலு விதை கொண்டுவரட்டுமா, அம்மாச்சி வீட்டு மாடியறை சும்மாதானே கிடக்கிறது என்று சிரித்தான். நம்முடைய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னேன். அது கஞ்சா என்று வரையறுப்பது பூவும் காயுமான நுனியைத்தான்; ஆனால் பயிரிடுதல் என்று வந்துவிட்டால் செடியே குற்றம். ஒற்றைச் செடிக்கும் பத்தாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம்வரை அபராதமும் விதிக்கலாம். சிரிப்பு நின்றது.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, செடியின் குணத்தைச் சொல்லத் தொடங்கினான். "இது ஆட்டோஃபிளவர் மாமா. மற்ற வகைகளுக்கு இரவு நீண்டால்தான் பூ வரும். இதற்கு அந்தக் கணக்கே கிடையாது. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தாலும் வயது வந்ததும் பூத்துவிடும். எழுபத்தைந்து நாள்."

"அப்படியானால் குறுவை" என்றேன். அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

தெரியாததற்கு அவனைக் குறைசொல்ல இயலாது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவன் தாத்தா உழுத நிலம் அவன் பள்ளிக்கூடம் போகுமுன்பே கைமாறிவிட்டது. நானும் வகுப்பறைக்குள் புகுந்துகொண்டவன். எங்கள் குடும்பத்தில் இன்று ஒரு பயிருக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான் என்று அப்போது உறைத்தது. பயிர் இன்னதென்பது வேறு விஷயம்.

செடிகள் நாளின் நீளத்தைக் கொண்டு பூக்கின்றன என்பதை அறிவியல் கண்டுகொண்ட வரலாற்றில் இந்தக் கஞ்சா இனத்துக்கே ஓரிடம் உண்டு. 1912 வாக்கில் பிரான்சில் தூர்னுவா என்பவர் இதைச் சணற்கஞ்சாச் செடியில்தான் கவனித்தார். முதல் உலகப்போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. 1920இல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலையைக் கொண்டு அதை நிறுவினார்கள். தானே பூக்கும் வகையோ வடக்கே, கோடை குறுகிய நிலத்தின் கொடை. 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி அதற்கு ரூடராலிஸ் என்று பெயரிட்டார். இரவு நீளட்டும் என்று அது காத்திருந்தால் பனி முந்திக்கொள்ளும். ஆகவே வயதை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டது.

தஞ்சைப் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நாம் அதைப் பெரிதாக உணர்வதில்லை. பழைய சம்பா வகைகள் உணர்ந்தன. முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், இரவு நீண்டபிறகே கதிர் வாங்கின. அத்தகைய நெல்லை ஆனி மாதத்தில் விதைத்துவிட்டு நூறு நாளில் அறுக்க முடியாது. குறுவைக்கு வானம் பார்க்காத விதை வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்படும் முன்பே இந்த வேறுபாட்டை டெல்டாவின் உழவர்கள் அறிந்திருந்தார்கள். குறுவை விதையையும் ஒட்டடான் விதையையும் கலந்து ஒரே வயலில் இடுவார்கள். குறுவை முற்றியதும் இரண்டையும் சேர்த்து அறுப்பார்கள். ஒட்டடான் மட்டும் தாளிலிருந்து மறுபடி துளிர்த்து, தன் காலம் வந்தபின் கதிர்விட்டுத் தை வாக்கில் களத்துக்கு வரும். "குறுவை வயசைப் பார்க்கும், ஒட்டடான் வானத்தைப் பார்க்கும்" என்பார் அப்பா. அவர் கார்னரைப் படித்தவர் அல்லர்.

வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு மா நிலத்தில் அவர் பழைய சம்பா வைத்திருந்தார். நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் எங்கள் வயலோரச் சாலையில் தெருவிளக்கு வந்தது. அந்தக் கார்த்திகையில் வயல் முழுதும் கதிர் தள்ளிற்று, விளக்குக் கம்பத்தடியில் மட்டும் வட்டமாக ஒரு பச்சை. அங்கே கதிரே இல்லை. பூச்சி என்றார்கள், உரம் மிஞ்சிவிட்டது என்றார்கள். அப்பா ஓர் இரவு வரப்பில் குந்தியிருந்து விளக்கையே பார்த்தார். மறுநாள் மனு எழுதச் சொன்னார். என் கையெழுத்தில்தான் போயிற்று. பதில் வரவில்லை. (ஊருக்கு வந்த ஒரே விளக்கை ஒரு மா நெல்லுக்காக எவர் அணைப்பார்?) அடுத்த ஆண்டு அந்த மாவிலும் நாள் கணக்கில் வரும் புதிய ரகத்தை நட்டார். ஓரிரு பருவம் விதைக்கோட்டை பரணில் இருந்தது. பிறகு முளைப்புத் திறன் போயிற்று.

இதை இழப்பு என்று எழுதிவிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1960களில் ஜப்பானிய நெல்லோடு நம் நெல்லைக் கலந்து ஆடுதுறையில் உருவாக்கிய ஏ.டி.டி. 27 போன்றவையும் அதற்குப் பின்வந்த குறுவை ரகங்களும்தாம் எங்களைப்போன்றோரின் கடனை அடைத்தன. என் முதுகலைக் கட்டணம் குறுவைப் பணம். ஆயினும் அந்தப் பச்சை வட்டம் மறக்கவில்லை. ஒரு செடி தான் பார்த்ததை நம்பிக் காத்திருந்தது, பார்த்ததோ மின்விளக்கு. அலமாரிக்குள் நிற்கும் செடிக்கு இந்த ஏமாற்றம் இல்லை.

இவ்வளவையும் நான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

"என்னடா தம்பி அது, வீட்டுக்குள்ளே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை.

"ஒரு மூலிகை அம்மாச்சி."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். "எத்தனை நாள் பயிர்?"

"எழுபத்தைந்து."

"தொட்டியில் தண்ணி கட்டி நிக்குது பாரு. வடியவிடு."