மறுபாதிக்கு ஆள் வேணும்

ராத்திரி ஏழரைக்குத் தூத்துக்குடியிலிருந்து அம்மா கூப்பிடுவாள். சாப்பிட்டியா, மழை உண்டா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று மூன்றே கேள்வி. பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு, மாதா படத்துக்குக் கீழே ஸ்டூலில் வைத்துவிட்டு ஜெபமாலையைத் தொடங்கிவிடுவாள். இங்கே அம்பத்தூரில், சமையல் மேடையில் சாய்ந்தபடி நான் பதில் சொல்வேன்.

ஜெபமாலை பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் இரண்டு பாதியாக ஓடும். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியைக் கூடியிருக்கிறவர்கள் சொல்ல வேண்டும். நாங்கள் சாகிற நேரத்தில் எங்களுக்காகப் பரிந்து பேசு என்று மாதாவிடம் கேட்பது அந்த மறுபாதியில்தான். 53 மணி ஜெபம் என்றால், ஒரு ராத்திரியில் 53 தடவை மரணத்தை வாயால் சொல்கிறோம். சின்ன வயதில் எங்களுக்கு அது தெரியவே தெரியாது. யார் வேகமாக முடிக்கிறார்கள் என்றுதான் போட்டி.

போனில் குரல் ஒரு கணம் பிந்தி வருகிறது. அம்மா அடுத்த மணிக்குப் போகும்போது என் பதில் அவள் குரல்மேல் மோதுகிறது. இருவரும் நிறுத்துகிறோம். மறுபடி தொடங்குகிறோம். அப்போதெல்லாம் எனக்குத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டின் முன்கட்டு ஞாபகம் வந்துவிடும்.

அந்த முன்கட்டின் கதையைக் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் தாத்தா முத்துக் குளித்தவர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் அரசு முத்துக்குளிப்பு நடத்தியபோது முத்துச்சிப்பி கிடக்கும் பாரில் இறங்கியவர். காலில் கல்லை மாட்டி மூச்சை அடக்கி ஒருவர் கீழே போவார், தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் அவருடைய மச்சான். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோனது. அப்பா காலத்தில் சங்குதான். வங்காளத்துக் கல்யாணப் பெண்கள் கையில் போடுகிற வெள்ளை வளையலுக்கு எங்கள் கடலின் சங்கு போகிறது.

முதலில் அப்பா முகக்கண்ணாடியும், காலில் துடுப்புபோலக் கட்டிய அலுமினியத் தகடுகளும் வைத்து, மூச்சடக்கித்தான் குளித்தார். அப்புறம் கம்ப்ரசர் வந்தது. படகில் இயந்திரம் ஓடும், குழாய் வழியே காற்று வரும், குளிப்பவர் ஆழத்திலேயே நெடுநேரம் இருக்கலாம். ஆழத்தில் அழுத்தத்தோடு உள்ளே போன நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து கிடக்கும். மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழியாகிவிடும். அப்பா ஒரு நாள் சட்டென்று மேலே வந்தார். காரணம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. கரையில் இறக்கியபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு வருஷம் படுக்கையில் இருந்துவிட்டு 1998 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது வயது 14.

அடக்கம் முடிந்த அன்று ராத்திரியிலிருந்து முப்பது நாள் முன்கட்டில் ஜெபமாலை நடந்தது. கூப்பிடாமலே தெரு வந்தது. வலையிலிருந்து வந்தவர்கள் உப்பு காய்ந்த காலோடு வாசற்படியில் உட்கார்ந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் நாங்கள் வேண்டாத வேண்டுதலா? பனிமய மாதா கோவிலில் அம்மா முழங்காலால் நடந்தாளே, அதற்கு என்ன பதில்? பக்கத்தில் இருந்த மாமி என்னை ஒரு முறைகூட அதட்டவில்லை. “நீ சும்மா இரு மக்கா, ஒனக்கும் சேத்து நான் சொல்லுதேன்” என்றாள். முப்பது நாளும் அப்படியே சொன்னாள்.

வாயை மூடியிருந்தாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இறந்தவர்களுக்கான சிறு ஜெபத்தை எங்களவர்கள் ‘இளைப்பாற்றி’ என்பார்கள். ஆயிரம் தடவை சொன்ன சொல். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, அது முதல் தடவையாக என் காதில் விழுந்தது. இளைப்பு என்றால் மூச்சு வாங்குவது. குளித்து மேலே வந்த அப்பா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த இளைப்பு ஆற வேண்டும், என்றைக்குமாக ஆற வேண்டும் என்றுதான் தெரு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று ராத்திரிதான் நான் அழுதேன்.

அந்த ஜெபங்களில் ஒன்றான விசுவாசப் பிரமாணத்தில் பழைய தமிழில் ‘சரீர உத்தானம்’ என்று வரும். உடம்பு உயிர்த்தெழுவது. ஆத்துமா சாகாது என்று ஆறுதல் சொன்னவர்கள் பலர். எனக்கு அது போதவில்லை. தண்ணீரை உதைத்த அந்தக் கால்கள், படுக்கையில் சுள்ளியாய் வற்றிப்போன அந்தக் கால்கள், அவை திரும்ப வேண்டும். உடம்பும் எழும் என்று சொல்கிற ஒரு விசுவாசத்தைத்தான் என்னால் பிடித்துக்கொள்ள முடிந்தது.

இதை ஒட்டிப் பின்னாளில் படித்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களின் உதவியோடு ஜெபங்களை மொழிபெயர்த்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று விழுந்துவிட்டது. தவறைக் கண்டுபிடித்ததும், தன்னோடு ஊழியம் செய்த மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். திருத்தியது சரிதான். ஆனாலும் இந்தக் கரையில் பரதவர்கள் அவரிடம் முதலில் கற்ற பிரமாணம் ‘வேணும்’ என்றுதான் இருந்தது. அப்பனைப் பறிகொடுத்த 14 வயதுப் பெண்ணின் பிரமாணமும் அதுதான். உத்தானம் வேணும். அப்பா வேணும். ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்ல எனக்குப் பல வருஷம் ஆனது. ‘வேணும்’ என்று சொல்லிச் சொல்லித்தான் அங்கே வந்து சேர்ந்தேன்.

அந்த வருஷத்துக் கல்லறைத் திருநாளை மறக்க மாட்டேன். நவம்பர் 2, வாடைக்காற்று நேரம். மெழுகுதிரி எதுவும் நிற்கவில்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. வீட்டில் அப்பா ஒதுக்கி வைத்திருந்த சங்கு ஒன்றை அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். புழு அரித்து ஓட்டை விழுந்ததால் விலைபோகாத சங்கு. அதை ஈர மணலில் அழுத்தி, வாய்க்குள்ளே திரியை நிறுத்தி ஏற்றினாள். காற்று உள்ளே நுழையவில்லை. புழு போட்ட ஓட்டைகள் வழியாகப் புள்ளி புள்ளியாய் வெளிச்சம் வந்தது. அடுத்த கல்லறையில் நின்ற பெண் வந்து எங்கள் சங்கிலிருந்து தன் திரியைப் பற்றவைத்துக்கொண்டாள். குருவானவர் மந்திரித்துக்கொண்டு வரிசையாக வந்தார். மாமி முதல் பாதியைத் தொடங்கினாள். மறுபாதியை நான் சொன்னேன்.

நான் கல்யாணமாகிச் சென்னை வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஜூலை 26-ல் பனிமய மாதா கொடியேறும்போது துறைமுகத்துப் படகுகள் எழுப்பும் சங்கொலியும், ஆகஸ்ட் 5-ல் தெருவை அடைக்கும் கூட்டமும் நினைவில் வரும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். ஆனால் திருவிழாவுக்கு ரயிலேறிப் போய்விடலாம். முன்கட்டு நிறைய ஆள் உட்கார்ந்து, அலை மாதிரி ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் விழுகிற அந்தச் சத்தத்துக்கு எந்த ரயில்? அதைத்தான் நான் விட்டுவிட்டு வந்தேன். இந்த அடுக்கு வீட்டில் போன வருஷம் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்தார். சேதி வாட்ஸப்பில்தான் வந்தது. அன்று சாயங்காலம் படியேறிப் போனேன். அவருடைய மனைவி ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக இரண்டு பாதியையும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மறுபாதி வந்ததும் நிறுத்திக்கொண்டார். நான் சொன்னேன்.

உங்கள் தெருவில் துக்க வீடு ஒன்றிலிருந்து ஜெபம் சொல்கிற சத்தம் கேட்டால் தாண்டிப் போகாதீர்கள். அந்த வீட்டாரைத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படியில் உட்கார்ந்து மறுபாதியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.