30 விநாடி இருட்டு

மூணாவது செமஸ்டர்ல இருந்தே எனக்குச் சரியாத் தூக்கம் வர்றதில்ல. ராத்திரி இரண்டரை மணிக்கு ரீல்ஸ் பார்த்தா தலைவலிதான் மிச்சம். அதே போனை வச்சு, லைட் போடாம வீட்டைப் படம் எடுக்க ஆரம்பிச்சேன்.

பெரிய வித்தை ஒண்ணுமில்ல. கேமராவுல ப்ரோ மோட். ஐஎஸ்ஓ 100, 200க்குள்ள இருக்கட்டும். ஏத்தினா படம் பூரா புள்ளி புள்ளியா நாய்ஸ் வந்துடும். பதிலுக்கு ஷட்டரை 10, 20, 30 விநாடி திறந்து வைங்க. டிரைபாட் இல்லையா? சொம்புல சாய்ச்சு வைங்க. விரல் பட்டு ஆடாம இருக்க 2 விநாடி டைமர். இன்வெர்ட்டரோட சின்னப் பச்சை லைட்டே ஒரு ஹாலுக்குப் போதும்.

வெளிய போகணும்னுகூட இல்ல. செக் நாட்டு யோசெஃப் சூடெக், முதல் உலகப்போர்ல வலது கையை இழந்தவர். 1940ல இருந்து 1954 வரைக்கும் தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். நம்ம பி.சி.ஸ்ரீராம் 1987ல 'நாயகன்' படத்துல பாதி முகத்தை இருட்டுக்கே விட்டுட்டு, தேசிய விருதும் வாங்கினார்.

என் ஜன்னல்ல தெரியறது அப்பாவோட லேத் பட்டறை. ஒரு பக்கம் திறப்பான ஷெட். பம்ப் பார்ட்ஸுக்கு ஜாப் ஒர்க் நடக்கும். ஒருநாள் அதை எடுத்தேன். என் கண்ணுக்கு வெறும் இருட்டு. 30 விநாடி கழிச்சு ஸ்கிரீன்ல லேத் தெரிஞ்சுது, கீழே இரும்புச் சுருள் தெரிஞ்சுது. பக்கத்துல முக்காலியில அப்பா.

இவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தா, அசையறவங்க புகை மாதிரி கரைஞ்சு போவாங்க. அப்பா சட்டை மடிப்பு வரைக்கும் தெளிவா விழுந்திருந்தார். 30 விநாடியும் அவர் அசையவே இல்ல.

அந்த மாசம் ஆர்டர் குறைஞ்சது எனக்குத் தெரியும். அவரும் தூங்கறதில்லைங்கறது தெரியாது.

கீழே போனேன்.

"ஏங்கண்ணு, இன்னும் தூங்கலையா?"

"இல்லீங்கப்பா. நீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "லேத் நல்லா விழுந்திருக்குது" அப்படின்னார். தன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, வரவேண்டிய பாக்கிக் கணக்கை அவராவே சொல்ல ஆரம்பிச்சார்.

இப்பவும் எனக்குத் தூக்கம் வர்றதில்ல. ஆனா படம் எடுக்கறதுக்கு முன்னாடி, பட்டறையில அப்பா இருக்காரான்னு போய்ப் பார்த்துடறேன்.