பம்பைப் பாத்து வண்டி வாங்குங்க

அமெரிக்காவுல பண்ணை வேலைக்கும் டிரெய்லர் இழுக்கவும் பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் டிரக் தேடுறவங்க முதல்ல குதிரைத்திறனைத்தான் பாக்குறாங்க. டீசல் பம்பைப் பாருங்கன்னு நான் சொல்வேன். 1994ல இருந்து 1998 தொடக்கம் வரை வந்த டாட்ஜ் ராமோட 5.9 லிட்டர் கம்மின்ஸ்ல இருக்கிற பாஷ் பி7100 பம்ப் முழுக்க மெக்கானிக்கல். அடுத்து வந்த 24 வால்வ் எஞ்சின்ல இருக்கிறது மின்னணு விபி44 பம்ப். டீசல் அனுப்புற சின்ன லிஃப்ட் பம்ப் சோர்ந்தா, விலை கூடின இந்தப் பெரிய பம்பும் சேர்ந்து போயிடும்.

மெக்கானிக்கல் பம்ப் வண்டியோட 160லிருந்து 215 குதிரைத்திறன் பத்துமான்னு கேப்பீங்க. சுமையைக் கிளப்புறது டார்க். அது 2,000 சுற்றுக்குள்ளேயே உச்சத்துக்கு வந்துடுது. வேகம் வேணும்னா வேற வண்டி பாருங்க. பழசுக்கு நோவு இல்லையான்னா, இருக்கு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவீனம், மேனுவலே மேல். டைமிங் கேஸ்ல டவல் பின்னுங்கிற ஒரு சின்ன முளை கழண்டு பல்சக்கரத்துல விழும். அதைத் தடுக்கிற தகடு போட்டாச்சான்னு விக்கிறவர்கிட்ட கேளுங்க. இதெல்லாம் சரிபண்ணலாம். சேஸைத் துரு தின்னிருந்தா மட்டும், எஞ்சின் எவ்வளவு அழகா ஓடினாலும், திரும்பிப் பாக்காம வந்துடுங்க.