மூச்சு விட மேலே வரும் விரால்

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுத்தான் மறுபடி அடிக்குப் போகும். அப்போது தண்ணீரில் ஒரு சின்னச் சுழி விழும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் என் நண்பர்கள் மூவரும் அந்தச் சுழிக்காகத்தான் காத்திருந்தார்கள்.

மூவரும் தோலில் பிழைப்பவர்கள். நாங்கள் பாய் என்று கூப்பிடும் மூத்தவர் மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார். இளையவர்கள் இருவரும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள். ஒருவர் கட்டிங், மற்றவர் ஸ்கைவிங். ஞாயிறு மதியம் வெயில் தாழ்ந்ததும் ஏரிக் குத்தகைக்காரரின் ஆளிடம் சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்தோம்.

நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்கு இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி போடுவார்கள். இங்கே விராலுக்குப் பொய்த்தவளை. உள்ளே வெற்றாக இருக்கும் ரப்பர் உடம்பு. முதுகை ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள். பாசியிலும் தாமரை இலையிலும் இழுத்தாலும் மாட்டாது. மீன் கவ்வும்போதுதான் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். நாலைந்து கடி வாங்கினால் ரப்பர் கால்கள் பிய்ந்துவிடும். அதற்கு ஸ்கைவிங் தம்பி ஒரு வழி வைத்திருக்கிறார். கழிவாகப் போகும் ஆட்டுத்தோல் லைனிங் துண்டை ஒளி தெரிகிற அளவுக்குச் சீவி, நுனியைக் கூராக்கி, மெழுகு தேய்த்துக் கட்டுகிறார். மெழுகு இல்லாவிட்டால் தோல் ஊறிக் கனத்துத் தவளையை முக்கிவிடும். ஷூவின் ஓரம் மடங்குவதற்காக நாளெல்லாம் தோலை மெல்லிசாக்கும் அந்த விரல்களுக்கு இது கால் மணி நேர வேலை. கடையில் வாங்கிய காலைவிட இது நன்றாக நெளிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

காட்டாமணக்குப் புதரோரம் சுழி விழுந்தது. ஸ்கைவிங் தம்பி அதைத் தாண்டி வீசி, தத்தித் தத்தி இழுத்தார். பளாரென்று தண்ணீர் வெடித்தது.

"உடனே இழுக்காத தம்பி, முழுங்கட்டும்" என்றார் பாய். இரண்டு மூச்சு பொறுத்து, தம்பி ராடை வெட்டி இழுத்தார். கருத்த முதுகும் வெளுத்த வயிறுமாக, முழங்கை நீள விரால்.

கொஞ்ச நேரத்தில் இன்னோர் இடத்தில் தண்ணீர் பொரிவதுபோல் அசைந்தது. செந்நிறக் குஞ்சுகளின் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், எதைப் போட்டாலும் சீறி அடிக்கும். தம்பிகள் இருவரையும் பாய் தூண்டில் நரம்பைச் சுற்றச் சொல்லிவிட்டார். பெற்றவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. சுலபமாகக் கிடைக்கும் மீனை விட்டுவிட்டு வேறிடம் நடந்த அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

ஆம்பூரை ஒட்டியே பாலாறு போகிறது. அதை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்? காரணம் மூவருக்கும் தெரியும். தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்ததை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அப்படியும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

சம்பளம் தருவதும் அந்தத் தொழில்தான், ஆற்றைக் கெடுத்ததும் அதுதான். இதைப் பேசும்போது மூவரும் குரலைத் தாழ்த்துவதில்லை. விரால் காற்றைக் குடிப்பதால் கெட்ட தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். உயிரோடு துள்ளுகிறது என்பதற்காக அது தின்னத் தகுந்த மீன் ஆகிவிடாது.

திரும்பும் வழியில் வாலாஜாவில் டீ குடித்தோம். மழை வந்து ஆறு ஓடினால் ஆம்பூரிலேயே போடலாமே என்று கட்டிங் தம்பி கேட்டார். 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர் அவர்.

"தண்ணி புதுசா வரும். அடியில இருக்கற சேறு பழசுதானே" என்றார் பாய்.

தோல் பதனிடும் குரோமியம் சேற்றில் தங்கக்கூடியது. அந்தச் சேற்றையும் அதில் வளரும் மீனையும் சோதித்து, முடிவை ஊராருக்குத் தமிழில் எழுதி ஒட்டும்வரை நான் பாய் பக்கம்தான். அடுத்த ஞாயிறும் காவேரிப்பாக்கம்தான் என்று முடிவாயிற்று.