தந்தையாரின் சுருதிப்பெட்டி

சுருதியே தாய், லயமே தந்தை என்பது நம் இசை மரபு போற்றிவரும் கொள்கை. அந்தத் தாய்க்கு மாறாத அளவு ஒன்று உண்டா என்னும் வினா, கொல்கத்தாவில் எங்கள் இல்லத்தில் ஒருநாள் எதிர்பாராமல் எழுந்தது.

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் எங்கள் மகள் இறைவணக்கம் பாட இருந்தாள். ஆர்மோனியம் வாசிக்க அண்டை வீட்டு வங்காளப் பெரியவர் அன்புடன் இசைந்தார். ஒத்திகையின்போது, தஞ்சையிலிருந்து நாங்கள் கொண்டுவந்திருந்த தந்தையாரின் சுருதிப்பெட்டியையும் எடுத்துவைத்தோம். இரண்டிலும் ஐந்தரைக் கட்டைதான். ஆயினும் சேர்ந்து ஒலித்தபோது நாதம் விம்மி விம்மித் தணிந்தது. மகள் எதைப் பற்றிப் பாடுவதென்று அறியாமல் நிறுத்திவிட்டாள்.

காரணம் எளியது. ஓர் ஒலி நொடிக்கு 208 அதிர்வும் மற்றொன்று 212 அதிர்வும் கொண்டிருந்தால், நொடிக்கு நான்கு முறை அவ்விம்மல் கேட்கும். பெட்டியின் ஒலி சற்றே உயர்ந்திருந்தது. அவ்வேற்றுமை அரைக் கட்டையில் பாதிகூட இராது. எனினும், செவிக்கு அதுவே பெரும் பகை.

பெட்டி பிழையா, ஆர்மோனியம் பிழையா? உலக வரலாற்றைப் பார்த்தால் இரண்டையும் பழிக்க இயலாது. நாம் ஆறு கட்டை என வழங்கும் சுரத்திற்கு நொடிக்கு 435 அதிர்வு என 1859-இல் பிரெஞ்சு அரசு சட்டம் செய்தது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் இசைக்குழுக்கள் 450-ஐயும் தாண்டி ஒலித்தன. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று வகுத்தது. பன்னாட்டுத் தர அமைப்பும் 1955-இல் அதனை ஏற்றது. ஆயினும் ஐரோப்பியக் குழுக்கள் சில இன்றும் 442, 443 எனச் சற்று உயர்த்தியே வாசிக்கின்றன. பழைய இசையை அதன் காலத்து முறையில் வாசிப்போர் 415-க்கு இறங்குகின்றனர். ஆகவே, 440 என்பது இயற்கையின் கட்டளையன்று. பலர் கூடி வாசிப்பதற்காகச் செய்துகொண்ட உடன்பாடு.

நம் மரபிலோ ஆதார ஷட்ஜம் பாடுவோரின் குரலுக்கேற்ப அமைவது. உயர்ந்த சுருதியுடைய திமிரி நாகசுரத்தினின்று, நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாகசுரத்திற்கு நம் செவிகளைப் பழக்கியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. அதனால் மரபு குலைந்துவிடவில்லை. எங்கள் தந்தையாரும் இரண்டு கட்டையில் பாடியவர்; முதுமையில் ஒரு கட்டைக்கு இறங்கினார். "தொண்டைக்குத்தான் சுருதி, சுருதிக்குத் தொண்டை இல்லை" என்பார்.

முன்னாளில் சித்பூர் சாலை எனப்பட்ட ரவீந்திர சரணியில், இசைக்கருவி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டு சென்றோம். அவர் பித்தளை நாக்குகளைக் காட்டி விளக்கினார். நுனியைத் தேய்த்தால் நாக்கின் பளு குறைந்து சுருதி ஏறும். அடியைத் தேய்த்தால் அதன் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். "தேய்த்ததை மீண்டும் ஒட்ட முடியாது, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

நாங்கள் நெடுநேரம் பேசாதிருந்தோம். தந்தையாரின் நினைவாக எஞ்சியது அப்பெட்டி ஒன்றே. அதை அப்படியே வைத்துப் போற்றுவதா, மகள் பிறரோடு இசைந்து பாட மாற்றுவதா? தந்தையாரின் சொல்லே வழிகாட்டியது. ஐந்தரைக் கட்டைக்குரிய நாக்குகளை மட்டும் தேய்க்கச் சொன்னோம். ஒரு கட்டைக்குரியவற்றைத் தொட வேண்டாம் என்றோம்.

விழாவில் பெட்டியும் ஆர்மோனியமும் ஒன்றாய் ஒலித்தன. மகள் தயக்கமின்றிப் பாடினாள். வீடு திரும்பிய இரவு, நாங்கள் ஒரு கட்டையைத் திறந்து துருத்தியை மெல்ல அசைத்தோம். தந்தையார் இறுதியாகப் பாடிய அதே ஷட்ஜம், எவரோடும் ஒத்துப்போக வேண்டிய தேவையின்றி, அறை முழுதும் நிறைந்து நின்றது.